குப்பை பொறுக்க வரும் விருந்தாளிகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ரிசார்ட்டின் விளம்பரத்திலிருந்து வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். இடது பக்கம் 'முன்பு': கடற்கரை முழுக்க பாட்டில், பிளாஸ்டிக் பை, அறுந்த செருப்பு, குழந்தைகளின் டயபர். வலது பக்கம் 'பின்பு': அதே கரை, துடைத்துவிட்ட மாதிரி. கீழே பூமித்தாய், பொறுப்பு, பெருமை என்று நாலு வரி. சுகாதார மையத்தில் ஊசிக்குக் காத்திருந்த ஒரு பெண் போனை நீட்டி, "சிஸ்டர், இது நம்ம கரதான?" என்று கேட்டாள்.

நம் கரைதான். இரண்டு படங்களும் ஒரே நாள் காலையில் எடுத்தவை. ஆனால் அந்த 'முன்பு'க்கும் முன்பு ஒரு கரை இருந்தது. அதைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெண்ணுக்கு ஊசி கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்துவிட்டது, பாவம்.

கோபத்தோடு கதை எழுத உட்காரக்கூடாதாம், ஆறவிட்டு எழுத வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகை ஆசிரியர் சொன்னார். சரி என்று ஆறவிட்டேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஆறவிட்டும் ஆறவில்லை. இனி என்னால் முடியாது. சூடாகவே பரிமாறுகிறேன், நாக்கு சுட்டால் நான் பொறுப்பில்லை.

நான் மார்த்தாண்டத்துக்காரி. மாலத்தீவின் ஒரு சின்னத் தீவுக்கு நர்ஸாக வந்து, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே ஊறிப்போனவள். நாலைந்து கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். ரிசார்ட்டின் பெயரையும் சொல்லமாட்டேன். அது தனியாக ஒரு தீவு, எங்கள் துறைமுகத்தில் நின்றால் நேர் எதிரே தெரிவதால் எதிர்த்தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொன்னால் இங்கே சிலருக்கு வேலை போகும்.

2

தொடக்கம் ஒன்று:

நீலமும் பச்சையும் குழைந்த கடல் காலை வெயிலில்—

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கடல் அழகாக இருக்காது. அந்த நீலத்தைப் பற்றி எழுத எதிர்த்தீவில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். நானும் எதற்கு?

தொடக்கம் இரண்டு:

ஐந்து வயதுக் குழந்தை மூச்சுவிடத் திணறியபோது அதன் தாய்—

இதையும் அடித்துவிட்டேன், வெட்கப்பட்டுக்கொண்டே. மூச்சுத்திணறல் எந்தக் குழந்தைக்கும் இல்லை. குழந்தை என்றால்தான் உங்களுக்கு வலிக்கும் என்று கணக்குப் போட்டேன். (உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் வலிக்கிறது.) ஐம்பதைத் தாண்டிய, தொந்தி விழுந்த, பாக்கு மென்று பல் கறுத்த ஒரு ஆம்பிளைக்கு மூச்சு முட்டினால் யார் அழப்போகிறார்கள்? ஆனால் முட்டுவது அவருக்குத்தான். பெயர் ஜாபிர்.

தொடக்கம் மூன்று. இதை அடிக்கப்போவதில்லை.

ஜாபிர் சூரைமீன் படகில் தலைவராக இருந்தவர். இப்போது கடலுக்குப் போவதில்லை. துறைமுகத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறார். அவர் மனைவி மூமினா, பெண்கள் குழுவின் தலைவி. இருவரும் வீட்டு மனைக்காகப் பல வருடம் காத்திருந்தார்கள். இங்கே மனை என்பது அரசு கொடுப்பது. கேட்ட இடத்தில் கிடைக்காது, கிடைத்த இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். கடைசியில் கிடைத்தது தீவின் வடகிழக்கு மூலையில், குப்பை மேட்டுக்கு அடுத்த வரிசை. அந்தக் காலத்தில் அது ஊரை விட்டு எட்ட இருந்த மேடு. மீன்முள்ளையும் தென்னமட்டையையும் பெண்கள் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், கடல் வந்து எடுத்துக்கொண்டு போகும். இப்போது வீடுகள் மேடுவரை வந்துவிட்டன. கொட்டுகிற பொருளும் மாறிவிட்டது. கடல் எடுக்கமாட்டேன் என்கிறது. ஆகவே எரிக்கிறார்கள்.

வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் புகை முழுக்க மூமினாவின் வீட்டுக்குள். எதிர்த்தீவில் அதே மாதங்களுக்குப் பெயர் சீசன்.

புகை இறங்குகிற நாட்களில் ஜாபிரால் படுக்க முடியாது. தலையணையை எடுத்துக்கொண்டு தீவின் அடுத்த கோடிக்கு நடந்து, துறைமுகத்தில் கட்டித் தொங்கும் கயிற்று வலை நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குவார். காலையில் வரும் மீன்காரர்கள் "என்ன தலைவரே, அக்கா இன்னிக்கும் தொரத்திட்டாங்களா?" என்பார்கள். "ஆமாடா, மீன் குழம்புல உப்பு ஜாஸ்தின்னு ஒரு வார்த்த சொல்லிட்டேன்" என்பார் அவர். ஊரே சிரிக்கும். அவருடைய நெஞ்சுக்குள் விசில் அடிப்பதைக் கேட்டது நான், மூமினா, பிறகு சுகாதார மையத்தில் மருந்தைப் புகையாக இழுக்க வைக்கிற மிஷின்.

3

இனி படகு. இந்தக் கதையில் எல்லாம் இந்தப் படகுக்காகத்தான், அதனால் கவனமாகக் கேளுங்கள். நான் சொல்வது அந்த விளம்பரப் படம் எடுத்த நாளுக்கு முந்தைய நிலவரம்.

எதிர்த்தீவுக்குச் சொந்தமாக ஒரு குப்பைப் படகு உண்டு. தலைநகரமான மாலேக்குப் பக்கத்தில் குப்பைக்கென்றே ஒரு தீவு இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரும். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் துறைமுகத்தின் வாயைத் தாண்டித்தான் போகும். எஞ்சின் சத்தம் பள்ளிக்கூட வகுப்பறைவரை கேட்கும். பாதிப் படகு காலியாகத்தான் இருக்கும். நிற்காது. எங்களிடம் அந்த அளவில் படகு கிடையாது. எங்கள் தீவுக் கவுன்சில் எழுதாத மனு இல்லை, தட்டாத கதவு இல்லை. மேலே பணம் ஒதுக்கியிருக்கிறதாம், வரும் என்றார்கள். வரும் என்று சொன்னவர் மாறி இன்னொருவர் வந்தார், அவரும் வரும் என்றார்.

அந்தப் படகை ஒரு அரை மணி நேரம் நிறுத்தி எங்கள் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டால் எரிக்க வேண்டியதில்லை. ஜாபிர் தன் வீட்டில் தன் கட்டிலில் படுக்கலாம். மூமினா கேட்டது அவ்வளவுதான்.*

* நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். மேட்டில் கிடப்பதில் பெரும்பகுதி எங்கள் குப்பை. எங்கள் குழந்தைகளுக்கு டயபரை எதிர்த்தீவுக்காரன் வந்து கட்டிவிடவில்லை. இதை அடிக்குறிப்பில் போடுவதா கதையில் போடுவதா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கதையில் போட்டால் கோபம் குறைந்துவிடுமோ என்று பயந்து இங்கே போட்டிருக்கிறேன். ஆனாலும் எங்கள் வாசலில் பாதி காலியாகப் போன படகு நிற்காமல் போனதற்கு இது காரணம் ஆகாது.

எதிர்த்தீவில் சுற்றுச்சூழல் அதிகாரி என்று ஒரு பையன், இயாஸ். அவன்தான் வழி கண்டுபிடித்தான். ரிசார்ட்டுக்குப் பசுமைச் சான்றிதழ் ஒன்று வேண்டியிருந்தது. சான்றிதழ் கொடுப்பவர்கள் வரப்போகிறார்கள். அந்தச் சமயத்தில் ரிசார்ட்டின் விருந்தாளிகள் எங்கள் கரைக்கு வந்து ஒரு காலை குப்பை பொறுக்குவார்கள். படம் எடுப்பார்கள். பொறுக்கி முடித்ததும் அதே கரையில் மேசை போட்டு, படகு இனி எங்கள் துறைமுகத்தில் நிற்கும் என்று எங்கள் கவுன்சிலோடு கையெழுத்துப் போடுவார்கள். எல்லாருக்கும் லாபம். சனிக்கிழமை காலை என்று முடிவானது.

இதுவரை கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

4

வெள்ளிக்கிழமை மத்தியானம் கவுன்சிலின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாளைக் காலை எதிர்த்தீவிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், கடற்கரையில் நிகழ்ச்சி, எல்லாரும் வரவும்.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் இந்தத் தீவில் பெண்கள் என்ன செய்வார்கள்? இங்கே ஒரு வாரம் இருந்தவருக்குக்கூடத் தெரியும். பெருக்குவார்கள். மந்திரி வந்தாலும் பெருக்குவார்கள், கல்யாணத்துக்கு வேறு தீவிலிருந்து ஆள் வந்தாலும் பெருக்குவார்கள், ஒன்றுமே இல்லையென்றாலும் வெள்ளிக்கிழமை பெருக்குவார்கள். தெருவை, பள்ளிவாசல் முற்றத்தை, கரையை. ஈர்க்குச்சித் துடைப்பத்தின் கோடுகள் மணலில் வரிவரியாகத் தெரியாவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மூமினா துடைப்பத்தோடு இறங்கினாள். அவள் பின்னால் குழுவின் பெண்கள் அத்தனை பேரும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வாரினார்கள். கடல்பாசியில் சிக்கிக் கிடந்த நைலான் கயிற்றைக்கூட உட்கார்ந்து பிரித்தெடுத்தார்கள். தள்ளுவண்டியில் அள்ளி மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கவுன்சில் தலைவர் அந்தப் பக்கமாக வந்தார், பார்த்தார், ரொம்ப நன்றாயிருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். நானும் பார்த்தேன். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஆளுக்காவது, ஒரே ஒரு ஆளுக்காவது, நாளைக்கு அவர்கள் எதைப் பொறுக்குவார்கள் என்று தோன்றவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் நம்பமாட்டீர்கள். பொறுக்க வருகிறார்கள் என்று தெரிந்துமா பெருக்கினார்கள் என்று கேட்பீர்கள். நானும் பிறகு மூமினாவிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வீட்டுக்கு வருகிற விருந்தாளி தட்டைக் கழுவித் தருகிறேன் என்று சொல்வார், அதற்காக எச்சில் தட்டை எடுத்து வைத்தா காத்திருப்பார்கள்? சொல்வது அவர்கள் மரியாதை, கழுவி வைப்பது நம் மரியாதை என்றாள். அதோடு விருந்தாளிகள் வெறுங்கையோடு திரும்பக்கூடாதே என்று அங்கங்கே நாலைந்து பழுத்த பூவரசு இலைகளை வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தார்களாம்.

5

இயாஸ். இவனைத்தான் எனக்கு எழுத வரவில்லை.

முதல் வரைவில் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, மாலே திமிர் கொடுத்து, பேச்சில் ஆங்கிலம் கலந்து விட்டேன். படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் அவன் அப்படியில்லை. அவனும் இந்த மாதிரி ஒரு சின்னத் தீவில் பிறந்தவன். வரும்போதெல்லாம் மூமினாவின் அடுப்படியில் உட்கார்ந்து மாசிக் கருவாடும் தேங்காயும் பிசைந்து ரொட்டியோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். ஜாபிருக்கு நல்ல இன்ஹேலர் மாலேயிலிருந்து வாங்கி வந்து கொடுத்தவனும் அவன்தான். இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு எப்படி வயிறு எரிவது? ஆனாலும் எரிகிறது. அதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை அவன் முன்னாலேயே தனிப் படகில் வந்தான். கையுறை, சாக்கு, ஒரே மாதிரி டீ-சர்ட், துணிப் பதாகை எல்லாம் எடுத்து வந்திருந்தான். கரையில் கால் வைத்தவன் அப்படியே நின்றான். மணலில் வரிவரியாகத் துடைப்பக் கோடு. ஒரு மிட்டாய்க் காகிதம் இல்லை. நான் முதலுதவிப் பெட்டியோடு அங்கே இருந்தேன். கண்ணாடித் துண்டு குத்தினால் விருந்தாளிகளுக்குக் கட்டுப்போட ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"அக்கா, என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?"

மூமினா கரையை ஒரு தரம் பார்த்தாள். "ஏன், எங்கயாவது விட்டுப் போச்சா?"

அவன் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். ரிசார்ட் மேனேஜரிடம் ரொம்ப நேரம் பேசினான். பேசினான் என்ன, கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது மணலைப் பார்த்தே பேசினான். கரையில் ஒன்றுமில்லை என்றால் விருந்தாளிகளின் படகைத் திருப்பி இன்னொரு தீவுக்கு விடச் சொல்கிறார்களாம். அங்கே கரை தயாராக இருக்கிறதாம்.

"தயாரான்னா என்னப்பா?"

"குப்பையாக்கா."

"அப்ப கையெழுத்து?"

"அதுவும் அங்கதான்க்கா."

நல்லா கவனியுங்கள், வாசகரே. சுத்தமாக இருந்த குற்றத்துக்காக எங்களுக்குப் படகு இல்லை. யார் கரை அதிகம் நாறுகிறதோ அந்தத் தீவுக்குப் படகு. எனக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்தக் கதையில் நான் கத்தவில்லை. அங்கேயும் கத்தவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு மூமினாவின் முகத்தைத்தான் பார்த்தேன்.

இயாஸ் மெதுவாகச் சொன்னான். மேட்டிலிருந்து கொஞ்சம். ஒரு சில வண்டி மட்டும். எடுத்து வந்து கரையில் பரப்பினால் போதும். அவர்கள் எப்படியும் பொறுக்கிவிடுவார்கள், போகும்போது கரை இதே மாதிரி ஆகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. இதைச் சொல்லும்போது அவன் குரல் கம்மியது. கம்மினால் என்ன, சொன்னானே!

6

மூமினா வீட்டுக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். துறைமுகத்திலிருந்து அப்போதுதான் தலையணையோடு ஜாபிர் திரும்பியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, இருமல் விசிலாக மாறி, கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நான் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். மூச்சு வந்ததும் முதல் வார்த்தையே வேண்டாம் என்பதுதான்.

"எம் மூச்ச வச்சு பேரம் பேசாத. நான் தொறமொகத்துலயே படுத்துக்கிறேன்."

"எத்தன வருசத்துக்கு?"

"சாவற வரைக்கும். பொண்டாட்டி தொரத்திட்டான்னு சிரிக்கிறானுங்க, சிரிக்கட்டும். அதுல எனக்கு ஒரு மானக்கேடும் இல்ல. இதுல இருக்கு."

மூமினா தள்ளுவண்டியைச் சுவரோரமிருந்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே சொன்னாள்: "உம்ம மூச்ச நீரு மட்டுமா விடுறீரு? ராவெல்லாம் அடுத்த மூச்சு வருதான்னு கேட்டுக்கிட்டு கெடக்கறது நானு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். இந்த இடத்தில் அவர் கண் கலங்கியதாக ஒரு வரி எழுதி அடித்தேன். அவர் திரும்பி நின்றிருந்தார், எனக்கு எப்படித் தெரியும்?

7

இங்கிருந்து கதையை முடிக்க எனக்கு இரண்டு நல்ல முடிவுகள் கிடைத்தன. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு அ. மூமினா வண்டியைக் கரைவரை தள்ளிக்கொண்டு வருகிறாள். நிறுத்துகிறாள். தான் போட்ட துடைப்பக் கோடுகளைப் பார்க்கிறாள். "எங்க கையால முடியாது" என்கிறாள். பெண்கள் எல்லாரும் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கரை நெடுக வரிசையாக நிற்கிறார்கள். விருந்தாளிகளின் படகு வருகிறது, சுத்தமான கரையைப் பார்த்து மலைத்து, திரும்பிப் போ—

முடிவு ஆ. பெண்கள் குப்பையைப் பரப்புகிறார்கள். ஆனால் மேட்டிலிருந்து பொறுக்கியெடுத்து, ரிசார்ட்டின் முத்திரை போட்டதை மட்டும்! முத்திரைச் செருப்பு, முத்திரைச் சோப்பு உறை, முத்திரைத் தண்ணீர் பாட்டில். விருந்தாளிகள் குனிந்து எடுக்கிறார்கள், பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சான்றிதழ்க்காரர் கண்ணாடியைக் கழற்றுகிறார். மேனேஜரின் முகம் வெளு—

ஆ எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, எழுதிவிட்டு எனக்கு நானே டீ போட்டுக் குடித்தேன். பிறகு இரண்டையும் மூமினாவின் அடுப்படியில் உட்கார்ந்து அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

ஆ-வைக் கேட்டு அவள் துருவுவதை நிறுத்தவேயில்லை. "அந்தச் செருப்பெல்லாம் நம்ம வீட்டுதுதான், சிஸ்டர். அங்க வேலைக்குப் போற புள்ளைங்க கொண்டு வந்து குடுக்குதுங்க. நீ போட்டிருக்கறதே அதுதான்." குனிந்து பார்த்தேன். அதுதான்.

அ-வைக் கேட்டுவிட்டு நிறுத்தினாள். நன்றாக இருக்கிறது என்றாள். எனக்குச் சந்தோஷம் தலைக்கேறுவதற்குள் கேட்டாள்: "அதுல இவரு எங்க படுக்கறாரு?"

அந்த முடிவில் எல்லாருக்கும் மானம் இருக்கிறது. ஜாபிர் மட்டும் துறைமுகத்தில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். அவர் தூங்குவதை எழுதாமல் விட்டால் கதை அழகாக முடிந்துவிடும். நான் விடத்தான் நினைத்திருந்தேன்.

"நடந்தத எழுதேன்" என்றாள்.

"எழுத வெக்கமா இருக்குக்கா."

"நடந்தது எனக்கு. வெக்கம் ஒனக்கெதுக்கு?"

8

ஆகவே நடந்தது.

மேட்டிலிருந்து பெண்கள் வண்டி வண்டியாகக் கொண்டு வந்தார்கள். யாரும் பேசவில்லை. துடைப்பக் கோட்டை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தார்கள், வழக்கம் விடுமா? கொண்டு வந்ததைப் பாட்டில் ஒரு பக்கம், பை ஒரு பக்கம், டின் ஒரு பக்கம் என்று சின்னச் சின்னக் குவியலாக வைத்தார்கள். சிரிக்காதீர்கள். பெருக்கிப் பழகிய கைக்குக் குப்பை போட வரவில்லை. இயாஸ் ஓடி வந்து, "இப்டி இல்லக்கா, அதுவா கெடக்கற மாதிரி" என்று கெஞ்சினான். ஒருத்தி ஒரு பாட்டிலைத் தள்ளி வைத்தாள், தள்ளி நின்று பார்த்தாள், மறுபடி நேராக வைத்தாள். கடைசியில் மூமினாவே வந்து, குவியல்களைக் காலால் எத்திவிட்டாள். ஒவ்வொன்றாக. கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. எத்தி முடித்துவிட்டுத் தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

பதாகை கட்டினார்கள். பூவரச மரத்தடியில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். அப்போதுதான் ஒருவர் 'முன்பு' படத்தை எடுத்தார்.

விருந்தாளிகள் வந்தார்கள். அவர்களைப் பற்றிக் கேவலமாக எழுத வேண்டும் என்று எவ்வளவோ ஆசைப்பட்டேன், முடியவில்லை. நல்ல மனுஷர்கள். வெயிலில் தோல் சிவந்து, முதுகு வலிக்க வலிக்கக் குனிந்து, முகம் சுளிக்காமல் டயபரைக்கூட எடுத்தார்கள். எங்கள் குழந்தைகளோடு பந்து விளையாடினார்கள். மேனேஜரும் சான்றிதழ்க்காரர்களும் மேசைப் பக்கம் இளநீரோடு நின்றார்கள். கவுன்சில் தலைவர் இஸ்திரி போட்ட சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். தாளும் பேனாவும் மேசையில் இருந்தன. பொறுக்கி முடித்த பிறகுதான் கையெழுத்து.

கிட்டத்தட்ட முடிகிற நேரத்தில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா, சாக்கைத் தரையில் வைத்துவிட்டு நேராக மூமினாவிடம் வந்தார். மூமினாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பிடித்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, நான் சொல்வதை இவருக்கு மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

அவர் சொன்னது இது. எவ்வளவு அழகான இடம் உங்களுடையது. இந்தக் கடல் உங்கள் வீடு. சொந்த வீட்டுக்குள் யாராவது குப்பை போடுவார்களா? தெரியாமல் செய்கிறீர்கள், உங்கள் மேல் தப்பில்லை, யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். இனிமேல் செய்யாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பிறகு குனிந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூமினாவின் கண்ணெதிரே பிடித்து, மெதுவாகச் சாக்குக்குள் போட்டுக் காட்டினார். குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி. அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது.

கேமராக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். மேசையிலிருந்து மேனேஜர் பார்த்துப் புன்னகைத்தார். இயாஸுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அவன் தரையைப் பார்த்தான்.

நான் மூமினாவுக்கு மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தையைக்கூட மழுப்பவில்லை, இனிப்பு தடவவும் இல்லை. வீடு, குப்பை, தெரியாமல், சொல்லிக்கொடுங்கள், எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். அவள் வெடிப்பாள் என்று நினைத்தேன். வெடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவள் அந்த அம்மாவைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். இன்னும் மூடி திறக்காத பேனாவைப் பார்த்தாள்.

"இனிமே போட மாட்டோம்னு சொல்லு, சிஸ்டர்."

நான் முதலுதவிப் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டேன்.

"தெரியாம போட்டுட்டோம்னு சொல்லு. மன்னிச்சுக்கச் சொல்லு." என் முழங்கையைப் பிடித்து லேசாக அழுத்தினாள். "சிரிச்ச மொகமா சொல்லு."

அந்த அம்மா இப்போது என்னைப் பார்க்கிறார். அவருக்கு மூமினாவின் மொழி தெரியாது. மூமினாவுக்கு அவர் மொழி தெரியாது. நடுவில் இருப்பது என் வாய் ஒன்றுதான். மூமினா சொல்லச் சொன்னதைச் சொன்னால் பேனா திறக்கும். பெருக்கினவளே குப்பை போட்டவள் என்று அவள் வாயாலேயே ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் இந்த அம்மா ஒருவராவது தெரிந்துகொண்டு ஊர் போய்ச் சேர்வார். ஆனால் குப்பைப் படகு செவ்வாய்க்கிழமை நிற்காமல் எங்கள் துறைமுகத்தைத் தாண்டிப் போகும்.

நான் என்ன சொன்னேன் என்று இதுவரை ஏழு விதமாக எழுதி ஏழையும் கிழித்துவிட்டேன். எதை எழுதினாலும் நான் நல்லவளாகிவிடுகிறேன், அது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. படகு நிற்கிறதா இல்லையா என்றும் என்னிடம் கேட்காதீர்கள். இவ்வளவு தூரம் உட்கார்ந்து படித்தீர்கள், கோபப்பட்டீர்கள், இயாஸைத் திட்டினீர்கள், என் இரண்டு முடிவுகளில் ஒன்றைப் பிடித்தும் வைத்திருப்பீர்கள். போதும், நான் விலகிக்கொள்கிறேன். என் இடத்தில் வந்து நில்லுங்கள். அந்த அம்மாவுக்குப் புரிகிற மொழி உங்களுக்கும் தெரியும். மூமினா உங்கள் முழங்கையைப் பிடித்திருக்கிறாள்.

சொல்லுங்கள்.